அரைக்கம்பத்தில் என் மஞ்சள் துணி

எனக்காகத் துக்கமணி அடித்த அன்று காலையில், நான் திரேஸ்புரத்தில் சீலா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறார்கள். அடக்க வேண்டாம். நானே இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

எனக்கு எழுபத்தொரு வயது. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் டிரில் டீச்சராக இருந்தேன். இந்த ஊரில் பாதிப் பெண்களை நான் விசிலடித்து ஓட வைத்திருக்கிறேன், மீதிப் பாதி வயிற்றுவலி என்று சொல்லித் தப்பித்தவர்கள். அந்த விசில் இப்போதும் என் வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகன், கப்பலில் சீஃப் இன்ஜினியர், குடும்பம் சென்னையில். அதனால் நான் தனியாக இருக்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு தும்மல் போட்டால் மூன்று வீட்டிலிருந்து என்னவென்று கேட்பார்கள். இதற்குப் பேர் தனிமை என்றால் நான் என்ன சொல்வது?

மகனுக்கு அந்த மூன்று வீடு போதவில்லை. போன வருடம் கோடை தொடங்கும்போது போனில் சொன்னான், கோயம்புத்தூரில் முதியவர்களுக்கென்றே ஒரு குடியிருப்பு பார்த்து வைத்திருக்கிறானாம். படங்கள் அனுப்பினான். யோகா அறை, கூப்பிட்டால் வரும் நர்ஸ், நீச்சல்குளம். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு நீச்சல்குளம்! அடுத்த லீவில் வந்து ஒரு வாரம் கூட இருப்பான், நான் தனியாகச் சமாளிக்கிறேனா என்று பார்ப்பான், அதற்குப் பிறகு முடிவு எடுக்கலாம் என்றான்.

"முடிவு யாரு எடுப்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதாம்மா."

அவன் அப்பாவும் இப்படித்தான் பேசுவார். சேர்ந்து என்றால் தான் மட்டும் என்று அர்த்தம். எனக்கு இந்த ஊரை விட்டுப் போக விருப்பமில்லை. போனால் ஒரே மாதத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பேன் என்று பயந்தேன்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதமாக என் வலது தோள் பூட்டிக்கொண்டிருந்தது. கை காதுக்கு மேலே ஏறாது. ஏற்றினால் உயிர் போகும். ஆயிரம் பிள்ளைகளுக்குக் 'கைகளை மேலே உயர்த்து' என்று கத்தியவளுக்கு வந்த கதியைப் பாருங்கள். தலை பின்ன முடியாமல் இடது கையால் சுருட்டி ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டேன். ஏன் தலை இப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடம், இப்போது இதுதான் ஃபேஷன் என்றேன். மகன் காதுக்குப் போனால் கோயம்புத்தூர் நிச்சயம் என்பதால் ஊர் காதையே அடைத்துவிட்டேன்.

இனி எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் கூடுகிறோம், தனியாகவோ இரண்டு பேராகவோ வாழும் இருபது இருபத்தைந்து கிழடுகள். பாளையங்கோட்டை ரோட்டில் இருக்கிற புதுக்கோட்டையிலிருந்து ஒரு நர்ஸ் பெண் ஸ்கூட்டரில் வந்து பிரஷர் பார்ப்பாள், மாத்திரைகளைக் காலை, மாலை என்று டப்பாவில் பிரித்துப் போடுவாள். கண் தெரிகிறவர்கள் தெரியாதவர்களுக்கு வங்கி பாரம் நிரப்பிக் கொடுப்பார்கள். நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்களை ஆட்டோவில் ஏற்றி, உயிரோடிருக்கிறோம் என்று சான்று கொடுக்கக் கூட்டிப் போவோம். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்கிற டிரில் சொல்லித்தருவேன். வலது கையை மட்டும் நான் செய்து காட்டமாட்டேன். நீங்கள் செய்யுங்கள், நான் பார்க்கிறேன் என்று விசிலடிப்பேன்.

இந்தச் சங்கத்தில் பெரிய தலை எங்கள் சுக்கானி. நாற்பது வருடம் கப்பலில் சுக்கான் பிடித்தவர், வயது எண்பது, முழங்கால் இரண்டும் ஒத்துழையாமை செய்கின்றன. காலையில் ஒவ்வொருவரும் எழுந்துவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற பேச்சு ஒருநாள் வந்தது. போன் பண்ணினால் பாதிப் பேருக்குக் காது கேட்காது, மீதிப் பேருக்குப் போன் எங்கே வைத்தோம் என்று தெரியாது. சுக்கானி மேசையைத் தட்டினார்.

"கப்பல் துறைமுகத்துக்குள்ள வாரப்ப மஞ்சக் கொடி ஏத்தும். எங்க கப்பல்ல எல்லாரும் சுகம்னு அர்த்தம். நாமளும் ஏத்துவோம். ஏழு மணிக்குள்ள மாடியில மஞ்சத் துணி ஏறணும். ஏறலன்னா பக்கத்து ரெண்டு வீடும் போய்க் கதவைத் தட்டணும்."

எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஒரே வாரத்தில் தெருவெல்லாம் மஞ்சள் துணி. தாமிரபரணிக் கரையிலிருந்து வந்து குடியிருக்கும் ஒரு அண்ணாச்சி, "என்ன, மாதா கோயில் தெருவுல அம்மன் கொடையா?" என்று கேட்டார். இன்னொருவர், தெருவே சேர்ந்து மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டதா என்றார். எங்களுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காலையில் யார் முதலில் ஏற்றுவது என்று போட்டி. எனக்கும் எதிர்வீட்டு மதினிக்கும் அதில் பெரிய சண்டையே நடந்தது. மதினி என்றால் உறவு இல்லை, என்னைவிட நாலு வயது மூத்தவள், வாயில் என்னைவிட நாற்பது வயது மூத்தவள். சுக்கானி தன் மாடியில் நாற்காலி போட்டு, பழைய பைனாகுலர் வைத்து எல்லா வீட்டுத் துணியையும் எண்ணுவார்.

மகன் வருகிற நாள் வந்தது. காலை ரயிலில் சென்னையிலிருந்து ஏழரை மணிக்கு இறங்குகிறான். அவனுக்குச் சீலா மீன் குழம்பு வைத்து அசத்திவிட வேண்டும், அம்மா எவ்வளவு சுறுசுறுப்பு என்று அவன் வாயைப் பிளக்க வேண்டும் என்பது என் திட்டம். ஆறு மணிக்கு மாடிக்குப் போனேன். என் வீட்டுக் கொடிக்கம்பம் மூங்கில், உச்சியில் ஒரு இரும்பு வளையம், அதில் கயிறு. உப்புக்காற்றில் கயிறு விறைத்துப்போய் வளையத்தில் சிக்கிக்கொண்டது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி இழுத்தால் ஏறியிருக்கும். நான் இடது கையால் இழுத்தேன். துணி பாதிக் கம்பம் வரை ஏறி நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். பாதியில் இருந்தாலும் மஞ்சள் மஞ்சள்தானே என்று கயிற்றைக் கட்டிவிட்டு, கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு மீனுக்குக் கிளம்பினேன். போனை சார்ஜில் மறந்து வைத்துவிட்டேன்.

துணி பாதியில் நின்றால் என்ன செய்வது என்று நாங்கள் விதி எதுவும் போட்டிருக்கவில்லை. கரையில் வேலை பார்த்தவர் யாராவது பைனாகுலரில் பார்த்திருந்தால், டீச்சர் சரியாகக் கட்டவில்லை என்று சொல்லியிருப்பார். நாற்பது வருடம் கடலில் இருந்த மனிதருக்கு அரைக்கம்பத்தில் கொடி என்றால் ஒரே அர்த்தம்தான். செத்தவள் மாடியேறித் தன் கொடியைத் தானே எப்படி இறக்குவாள் என்று அவர் யோசிக்கவில்லை. மதினிதான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, முறைப்படி அரைக்கம்பத்தில் ஏற்றியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். அழுகிற பெண்ணைப் போன் பண்ணித் தொந்தரவு செய்யக் கூடாது என்று நேரே கோயில்பிள்ளையைக் கூப்பிட்டார். கோயிலைப் பார்த்துக்கொள்கிற அந்தக் கோயில்பிள்ளை, சுக்கானியே சொல்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார்.

திரேஸ்புரத்தில் மணி கேட்டது. எங்கள் பக்கம் யாராவது இறந்தால் இடைவெளி விட்டு விட்டுத் துக்கமணி அடிப்பார்கள், ஆணுக்கு ஒருவிதம், பெண்ணுக்கு ஒருவிதம். மீன்காரி கத்தியைக் கீழே வைத்துச் சிலுவை போட்டாள்.

"ஏளா, யாருக்கு மணி?" என்றேன்.

"தெரியல டீச்சர். பொம்பளைக்கு உள்ள மணிதான்."

யாரோ ஒரு புண்ணியவதி என்று நினைத்து அங்கேயே நின்று ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னேன். எனக்காக நானே வேண்டிக்கொண்டது, வீண்போகாது என்று நம்புகிறேன். பிறகு, துக்கநாள் என்பதால் விலையைக் குறைக்கச் சொல்லி இருபது ரூபாய் குறைத்தேன்.

தெருமுனை திரும்பியதும் திக்கென்றது. என் வீட்டுக்கும் மதினி வீட்டுக்கும் நடுவில் நாற்பது ஐம்பது பேர், எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு. பந்தல்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். சாவு விழுந்த துட்டி வீட்டுக்குக் கொண்டுவரும் கடுங்காப்பி ஒரு பெரிய கேனில் வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாக மதினிக்குக் காய்ச்சல். மதினிதான் போய்விட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். கூட்டத்தின் பின்னால் போய் நின்றேன். முன்னால் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"படுக்கையில கெடக்கல. கொடுத்து வச்சவ."

"நல்ல மனுஷி. வாய்தான் கொஞ்சம் நீளம்."

"கொஞ்சமா?"

மதினிக்கு வாய் நீளம்தான் என்று நானும் கண்ணீரோடு தலையாட்டினேன். பிறகு தாங்க முடியவில்லை. மீன் பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி, "மதினி! எனக்கு முன்னால போயிட்டியளே!" என்று ஓலமிட்டபடி முன்னே போய் விழுந்தேன். என் வீட்டுக் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி என்னைவிடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தாள். திரும்பினாள். மதினி.

காலைப் பூசையிலிருந்து நேரே ஓடி வந்திருக்கிறாள், முக்காடு கூட எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் மீன் பையைப் பார்த்தாள்.

"ஏளா, நீ செத்துப் போயிட்டல்லா?" என்றாள்.

"யாரு, நானா? நீங்கல்லா செத்துட்டிய!"

பக்கத்தில் பூட்டை உடைக்கச் சுத்தியலோடு நின்ற ஆள் சுத்தியலைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். அப்புறம் ஒரே இரைச்சல். எல்லோரும் மாடியைக் காட்டுகிறார்கள், சுக்கானியைக் காட்டுகிறார்கள், சுக்கானி பைனாகுலரைக் காட்டுகிறார். கோயில்பிள்ளை தலையில் கைவைத்து, "அடிச்ச மணியை எப்படி டீச்சர் திருப்பி எடுக்கது?" என்று என்னையே கேட்கிறார். மணிச்சத்தம் பென்ஷன் ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்குமோ என்று ஒருவர் கவலைப்பட்டார். மதினி என்னைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒருமுறை கிள்ளினாள். என் குரல் எடுபடவில்லை. சாவிக்கொத்தை எடுத்து விசிலை ஓங்கி ஊதினேன்.

தெரு அடங்கியது. அந்த அமைதியில்தான் தெருமுனையில் நின்ற ஆட்டோவைப் பார்த்தேன். ஒரு காலைக் கீழே வைத்தபடி என் மகன்.

சுக்கானி கடமையில் குறை வைக்கிறவர் இல்லை. சங்கத்துப் பட்டியலில் என் பேருக்கு எதிரே இருந்த நம்பரைக் கூப்பிட்டு, மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அந்தப் போன் வந்தபோது மகன் ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டிருந்தானாம். இப்போது விசில் கேட்டதும் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். நாற்பத்தைந்து வயதுப் பிள்ளை, அத்தனை பேர் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எனக்கு அதுவரை வந்துகொண்டிருந்த சிரிப்பெல்லாம் நின்றுபோனது. என் வீம்பால் இந்தப் பிள்ளையை இப்படி அழ வைத்துவிட்டேனே என்று இருந்தது.

ஓடிப்போனேன். அவன் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். தூக்கும்போது என் வலது கை மேலே போனது. நான் போட்ட சத்தத்தில் காகங்கள் பறந்தன.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்ல, சுளுக்கு."

"எத்தன நாளா?"

நான் பதில் சொல்வதற்குள் நர்ஸ் பெண் முன்னால் வந்தாள். "அதான் மூணு மாசமா பிரஷர் பாக்க இடது கையவே நீட்டுறீங்களா டீச்சர்?" என்றாள். மதினி என் தலையைப் பார்த்தாள். "ஃபேஷன்னு சொன்னியே, சண்டாளி" என்றாள். எல்லாம் போயிற்று, இனி நீச்சல்குளம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர்கள் யாரும் போகவில்லை. நாற்காலி இருந்தது, காப்பி இருந்தது, துட்டிக்கென்று யாரோ அவித்த இட்லியும் வந்துவிட்டது. சாவு வீட்டுப் பலகாரத்தை நான் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன், இன்னும் இரண்டு கேட்டு வாங்கினேன். என்னைச் சுற்றிச் சண்டை நடந்தது. தோளுக்கு என்ன பயிற்சி என்று நர்ஸ் சொல்கிறாள். பெரியாஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை யார் கூட்டிப்போவது என்று இரண்டு பேர் மோதுகிறார்கள். சுக்கானி தன்னிடம் கப்பலில் இருந்து கொண்டுவந்த பித்தளைக் கப்பி இருக்கிறது, அதை மாட்டினால் ஒற்றைக்கையால் கொடி ஏறும் என்கிறார். மகன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் சுக்கானியிடம், "எல்லாரும் எவ்வளவு நேரத்துல வந்திய?" என்று கேட்டான்.

"மணி நிக்கிறதுக்குள்ள" என்றார் சுக்கானி.

மகன் என் பக்கம் திரும்பினான். "நீங்க செத்தா எல்லாரும் வாராங்கம்மா. அத நான் கண்ணால பாத்துட்டேன். வலிச்சா நீங்க கூப்பிடுவியளா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டேன்.

அன்று மத்தியானம் கப்பியை மாட்டிக் கொடுத்தான். பிறகு என் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்து, பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகள் தோளில் போடும் சிவப்புப் பட்டை ஒன்றை எடுத்தான். மஞ்சளுக்குக் கீழே இந்தச் சிவப்பு ஏறினால், உயிரோடுதான் இருக்கிறேன், ஒரு கை வேண்டும் என்று அர்த்தம். சுக்கானியும் ஒத்துக்கொண்டார். "நான் ஒரு வாரம் இருக்கேன். அதுக்குள்ள ஒரு தடவ நீங்களா இத ஏத்தணும். ஏத்தலன்னா கோயம்புத்தூர்" என்றான் மகன்.

இவ்வளவுதானா என்று சிரித்தேன். இரண்டாம் நாள் வலி குறைவாக இருப்பதாகச் சொல்லி ஏற்றவில்லை. மூன்றாம் நாள் மேகமாக இருக்கிறது என்றேன். நான்காம் நாள் மதினி முதலில் பார்த்துவிடுவாளே என்று கூச்சம். வலித்தால் சொல்லாதே, ஓடு என்று முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளிடம் கத்தியது நான்தான். ஆயிரம் பேரை மைதானத்தைச் சுற்றி ஓடவைத்தவளுக்கு ஒரு முழத் துணியை ஏற்றக் கை வரவில்லை. ஐந்தாம் நாள் மகன் பெட்டியில் கோயம்புத்தூர் குடியிருப்பில் சேர்வதற்கான பாரம் மேலே வந்திருந்தது.

ஆறாம் நாள் காலையில் தலைமுடி சிக்குப் பிடித்து ரப்பர் பேண்டு கூட ஏறவில்லை. கண்ணாடி முன்னால் நின்று இடது கையால் சீப்பை இழுத்து இழுத்து, கடைசியில் சீப்பை வீசி எறிந்துவிட்டு மாடிக்குப் போனேன். மஞ்சளைக் கட்டினேன். அதற்குக் கீழே சிவப்பையும் கட்டினேன். மாடிப்படியில் மகன் உட்கார்ந்திருந்தான். உதவிக்கு வந்துவிடக் கூடாது என்று இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். கயிற்றை இழுத்தேன். கப்பி உருண்டது, இரண்டும் உச்சிக்குப் போயின.

நான் படி இறங்கி முடிக்கவில்லை, கிரில் கதவு ஆடுகிறது. என்ன உதவி என்று துணியில் எழுதியிருக்கவில்லை அல்லவா, அதனால் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் வெந்நீர்ப் பை, ஒருவர் கேஸ் அடுப்புக்கு லைட்டர், கோயில்பிள்ளை ஏணி. சுக்கானி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தைல பாட்டிலோடு வருகிறார். அவர்கள் எல்லோரையும் முழங்கையால் தள்ளிக்கொண்டு மதினி சீப்போடு முன்னால் வந்தாள்.

"உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்து, வகிடு எடுத்து, சிவப்பு ரிப்பன் வைத்து இரட்டைச் சடை பின்ன ஆரம்பித்தாள். எழுபத்தொரு வயதில் இரட்டைச் சடை! நர்ஸ் பெண் போட்டோ எடுத்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் மகன் போனில் பேசுகிற சத்தம் கேட்டது.

"கோயம்புத்தூருங்களா? அந்த ரூம் வேண்டாங்க. அம்மா வரல."

நான் துள்ளித் திரும்பினேன். "ஆடாதளா, சடை கோணுது" என்று மதினி உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தாள்.